இன்ட்ரஸ்ட்: ஒரு சொல், பல பொருள்



நம் வீடுகளில் நாள்தோறும் காதில் விழும் ஆங்கிலச் சொற்களில் ஒன்று 'இன்ட்ரஸ்ட்'. பையனுக்குக் கணக்கில் இன்ட்ரஸ்ட் இல்லை என்று அம்மா குறைப்படுகிறார். நகைக் கடனுக்கு இன்ட்ரஸ்ட் கட்ட வேண்டும் என்று பேங்கிலிருந்து செல்போனுக்குத் தகவல் வருகிறது. பெரியவர் மவுத்தான பிறகு வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் அதிலும் 'ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட்' என்று இருக்கிறது. எழுத்து ஒன்றுதான். முதலாவது ஆர்வம், இரண்டாவது வட்டி, மூன்றாவது சொத்தில் உள்ள பாத்தியதை.

வட்டி ஹராம் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் இந்தச் சொல்லைத் தாளில் கண்டதும் பலருக்கு வட்டி என்றே படுகிறது. அறக்கட்டளை அலுவலகத்துக்குப் படிவங்களோடும் பத்திரங்களோடும் வருபவர்களிடம் இதை அடிக்கடி பார்க்கிறோம். இதில் இரண்டு விதமான இழப்பு நேருகிறது. வட்டியே இல்லாத இடத்தில் வட்டி என்று எண்ணி, மார்க்கமும் சட்டமும் கொடுத்த உரிமையை விட்டுவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், அந்தச் சொல் கண்ணில் படாத கடனை வட்டியில்லாக் கடன் என்று நம்பி வாங்குகிறார்கள். இந்த இதழில் ஒரே சொல்லை எடுத்துக்கொண்டு நிதானமாகப் பார்க்கலாம் என்று நினைத்தது இதனால்தான்.

பிரித்துப் பார்க்கத் துருக்கி மொழியைத் துணைக்கு அழைக்கிறோம். துருக்கி அரசின் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நம் பிள்ளைகள் சிலர் ஆசைப்படுகிறார்கள் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஆங்கிலம் ஒரே சொல்லில் போட்டு அடைத்திருக்கும் பொருள்களுக்குத் துருக்கி மொழி தனித்தனிச் சொற்களை வைத்திருக்கிறது. அவற்றில் பல அரபியிலிருந்து போனவை. மதரஸாவில் நாலு எழுத்து படித்தவருக்கு அவை புதியவையாக இருக்காது.

வட்டிக்குத் துருக்கியில் 'ஃபாயிஸ்' என்கிறார்கள். 'பொங்கி வழிவது, மிஞ்சியது' என்ற பொருளுடைய அரபிச் சொல் அது. அரபியில் கடைசி எழுத்து 'ளாத்'. துருக்கியர், பாரசீகர், உருது பேசுவோர் நாவில் அது 'ஸ' அல்லது 'ஜ' போல மாறிவிடும். நாம் ரமளான் என்பதை உருது வீடுகளில் ரம்ஜான் என்பார்கள் அல்லவா, அந்தக் கதைதான். 1928 வரை துருக்கி மொழி அரபி எழுத்தில் எழுதப்பட்டதால் அந்த 'ளாத்' கண்ணுக்குத் தெரிந்தது. லத்தீன் எழுத்துக்கு மாறிய பிறகு ஒலி மட்டும் நின்றது. 'ரிபா' என்றால் கூடுதல், 'ஃபாயிஸ்' என்றால் மிகுதி. இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. 'ஃபாயிஸ்ஸிஸ்' என்றால் வட்டியில்லாதது.

ஆர்வத்துக்கு அங்கே வேறு சொல், 'இல்கி'. முன்பு 'அலாகா' என்ற அரபிச் சொல் பெருவழக்கில் இருந்தது. 1932இல் துருக்கி மொழிக் கழகம் தொடங்கிய பின் நடந்த மொழிச் சீர்திருத்தத்தில் பழைய அரபி, பாரசீகச் சொற்களை நீக்கித் தனித் துருக்கிச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் தனித்தமிழ் இயக்கம் செய்ததைப் போன்ற வேலை. உதவித்தொகைப் படிவத்தில் 'ஏரியாஸ் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்ற இடத்தில் 'இல்கி அலான்லாரி' என்று இருக்கும். அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லை எடுத்து 'ஃபாயிஸ்' என்று போட்டால், வாசிப்பு, கால்பந்து என்று எழுத வேண்டிய பிள்ளை வட்டிக்கடை வைத்திருப்பவன் போல ஆகிவிடுவான்!

சொத்தில் உள்ள பங்குக்கு 'ஹிஸ்ஸெ'. உரிமைக்கு 'ஹக்'. இரண்டையும் நாம் விளக்க வேண்டியதில்லை. ஹிஸ்ஸா பிரிப்பது நம் குடும்பங்களில் புழங்கும் பேச்சுதான். ஒருவருடைய ஆதாயம், நலன் என்ற பொருளில் வரும் இன்ட்ரஸ்டுக்கு 'மென்ஃபஅத்' என்ற அரபிச் சொல்லும் 'ச்சிகார்' என்ற துருக்கிச் சொல்லும் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்திலோ சங்கத்திலோ பொறுப்பில் இருப்பவர், தன் மைத்துனரின் கடைக்கே பெயின்ட் வேலை ஒப்பந்தத்தைக் கொடுத்தால் ஆங்கிலத்தில் 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்பார்கள். அதில் உள்ளது இந்த 'ச்சிகார்'.

இப்போது பத்திரத்துக்கு வருவோம். நிறையப் பேர் ஏமாறும் இடம் இது.

அத்தா மவுத்தாகிவிட்டார். கடன் எதுவும் இல்லை, வசிய்யத்தும் இல்லை. மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்கள் இருக்கிறார்கள். வீட்டின் மதிப்பு 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, அதாவது 5 லட்சம். மீதி 35 லட்சத்தை நான்கு கூறாக்கி மகனுக்கு இரண்டு கூறு, மகள்களுக்கு ஆளுக்கு ஒன்று. மகன் பங்கு 17 லட்சத்து 50 ஆயிரம். ஒவ்வொரு மகளுக்கும் 8 லட்சத்து 75 ஆயிரம். சொத்து சிறிதானாலும் பெரிதானாலும் பெண்களுக்கும் பங்கு உண்டு என்பது சூரத்துன் நிஸாவின் 7ஆம் வசனத்திலேயே வந்துவிட்டது.

மகள்களில் ஒருவர் பிரான்சிலோ வளைகுடாவிலோ இருப்பார். அவருக்கு ஆங்கிலத்தில் அடித்த விடுதலைப் பத்திரமோ பவர் பத்திரமோ போய்ச் சேரும். அதில் 'ஆல் மை ரைட், டைட்டில் அண்ட் இன்ட்ரஸ்ட் இன் தி செட் ப்ராப்பர்ட்டி' என்று ஒரு வரி. உரிமை, உடைமை, பாத்தியதை அனைத்தையும் விட்டுக் கொடுக்கிறேன் என்பது இதன் பொருள். தமிழ்ப் பத்திரமாக இருந்தால் 'சகல உரிமை பாத்தியங்களையும்' என்று இருக்கும். படித்ததும் விளங்கிவிடும். ஆங்கிலத்தில் இருப்பதால், 'வீட்டு வாடகை, வட்டி என்று எதுவும் பின்னால் கேட்க மாட்டேன் என்பதற்காக ஒரு கையெழுத்து' என்று போனில் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். அப்படி நம்பிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, சில வருடங்கள் கழித்து நகலை எடுத்துக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் 8 லட்சத்து 75 ஆயிரம் இருந்தது என்று அவர்களிடம் சொல்வது எளிதான வேலை இல்லை.

1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இந்த மூன்று சொற்களையும் சேர்த்தே பேசுகிறது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தில் ஒருவருக்குள்ள உரிமை, உடைமை, பாத்தியதையை உண்டாக்கும் அல்லது இல்லாமல் ஆக்கும் பத்திரம் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது அதன் சாரம். வாடகைப் பாக்கியையோ வட்டியையோ பற்றிய சமாதானம் என்றால் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதற்காக அழைக்கிறார்கள் என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி விளங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தா உயிரோடு இருக்கும்போதே, 'எனக்கு வரப்போகும் பங்கு வேண்டாம்' என்று மகளிடம் எழுதி வாங்கும் பழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. நம் ஷரீஅத் முறைப்படி உயிரோடு இருப்பவரின் சொத்தில் வாரிசுக்கு இன்னும் பங்கே பிறக்கவில்லை. பிறக்காத பங்கை விட்டுக் கொடுக்கவும் முடியாது. ஆனால் அதற்காகப் பணமோ நகையோ வாங்கிக்கொண்டிருந்தால், பின்னர் பங்கு கேட்கவிடாமல் நீதிமன்றம் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் குலாம் அப்பாஸ் வழக்கில் 1973ஆம் ஆண்டுத் தொகுப்பில் வந்த தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. 'வெறும் தாள்தானே' என்று எண்ணிவிட வேண்டாம்.

மனமுவந்து தம்பிக்கு விட்டுக் கொடுக்கும் அக்காமார்கள் உண்டு. அது அவர்கள் விருப்பம், அதில் நாங்கள் தலையிட மாட்டோம். எதை விட்டுக் கொடுக்கிறோம், எவ்வளவு என்று தெரிந்து கொடுக்கட்டும் என்பதே எங்கள் பேச்சு.

வக்ஃபு சட்டத்திலும் இதே சொல் வேறு உருவில் வருகிறது. 1995ஆம் ஆண்டு வக்ஃபு சட்டத்தின் 3ஆம் பிரிவு 'பெர்சன் இன்ட்ரஸ்டட் இன் எ வக்ஃப்' என்றால் யார் என்று விளக்குகிறது. வக்ஃபின் பயனைப் பெறும் உரிமை உள்ளவர்களோடு, பள்ளிவாசலில் தொழும் உரிமை உள்ளவரும் அதில் அடங்குவார். 'ஆர்வமுள்ள நபர்' என்று மொழிபெயர்த்தால், பள்ளிவாசல் கணக்கில் ஆர்வம் காட்டுகிற நாலு பேர் என்று ஆகிவிடும். அங்கே அதன் பொருள் 'பாத்தியதை உள்ளவர்'. வெள்ளிக்கிழமை கடைசி ஸஃப்பில் நிற்கும் கூலித் தொழிலாளியும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறார். துருக்கியில் சொல்வதானால் 'ஹக் ஸாஹிபி'. உருது தெரிந்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.

நம் ஊர் பிரெஞ்சு ஊராக இருந்ததால் நமக்கு மட்டுமே வரும் ஒரு சிக்கல் உண்டு. ஓய்வூதியமோ குடியுரிமையோ இருக்கும் குடும்பங்களுக்குப் பிரான்சிலிருந்து கடிதங்கள் வருகின்றன. பிரெஞ்சிலும் இதே சொல்தான், உச்சரிப்பு 'அந்தெரே'. 'தொமாஜ் ஏ அந்தெரே' என்று சேர்ந்து வந்தால் முழுத் தொடருக்கும் ஒரே பொருள்: நஷ்ட ஈடு. 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பிலேயே இந்தத் தொடர் இருக்கிறது. அதை 'நஷ்டமும் வட்டியும்' என்று பிரித்துப் படித்துவிட்டுப் பணத்தை வாங்கலாமா என்று தயங்கத் தேவையில்லை. 'அந்தெரே மொராத்துவார்' என்று தனியாக இருந்தால் அது வேறு. தாமதத்துக்காகச் சேர்க்கப்படும் தொகை அது.

இந்த நஷ்ட ஈட்டுப் பொருள் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அதில் ஒரு சரித்திரமே இருக்கிறது.

லத்தீன் மொழியில் 'இன்டர்' என்றால் இடையில், 'எஸ்ஸே' என்றால் இருத்தல். இரண்டும் சேர்ந்து 'இடையில் இருப்பது', 'வித்தியாசம்', 'சம்பந்தம்' என்று ஆனது. ஐரோப்பாவின் இடைக்காலத்தில் கிறிஸ்தவத் திருச்சபையும் வட்டியைத் தடை செய்திருந்தது என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. வட்டிக்கு அவர்கள் சொன்ன பெயர் 'உசுரா'. அது பாவம். ஆனால் கடன் வாங்கியவர் சொன்ன நாளில் திருப்பித் தராததால் கொடுத்தவருக்கு உண்மையாகவே நஷ்டம் வந்தால், அந்த வித்தியாசத்தை ஈடு கட்டலாம் என்று சட்ட அறிஞர்கள் இடம் கொடுத்தார்கள். அதற்குத்தான் 'இன்டரெஸ்ஸே' என்று பெயர். வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? திருப்பித் தரும் நாளை வேண்டுமென்றே அருகில் வைத்து, தாமதத்தை முன்கூட்டியே ஏற்பாடு செய்து, பழைய வட்டியையே புதிய பெயரில் வாங்கினார்கள். காலப்போக்கில் 'உசுரா' என்ற பெயர் அநியாய வட்டிக்கு மட்டும் என்று சுருங்கியது. மற்ற எல்லா வட்டியும் 'இன்ட்ரஸ்ட்' என்ற கண்ணியமான பெயரோடு ஊருக்குள் வந்துவிட்டது. இங்கிலாந்தில் 8ஆம் ஹென்றி மன்னர் காலத்தில், 1545இல், ஆண்டுக்கு 10 சதவீதம் வரை வாங்கலாம் என்று சட்டமே வந்தது.

பெயர் மாற்றும் வேலையைக் கிறிஸ்தவர்கள் மட்டும் செய்ததாக எண்ண வேண்டாம். உஸ்மானியப் பேரரசில் ரொக்கப் பணத்தை வக்ஃபு செய்து, அதைக் கடனாகக் கொடுத்து, வரும் உபரியில் மதரஸாவுக்கும் ஏழைகளுக்கும் செலவிடும் வழக்கம் இருந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எஃபெந்தி அதை அனுமதித்தார். பிர்கிவி முஹம்மத் எஃபெந்தி கடுமையாக எதிர்த்தார். இரண்டு பேரும் பெரிய ஆலிம்கள். அன்றைய வாதம் ஒரு பெயருக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பற்றியதுதான். இன்றைய துருக்கியில் 2005ஆம் ஆண்டு வங்கிச் சட்டம் வட்டியில்லா வங்கிகளுக்கு 'பங்கேற்பு வங்கி' என்று பெயர் தந்தது. அங்கே வாடிக்கையாளருக்குக் கொடுப்பதை 'ஃபாயிஸ்' என்று எழுத மாட்டார்கள், 'கியார் பாயி' என்பார்கள், இலாபப் பங்கு.

தமிழ் மண்ணிலும் பெயர் மாறியிருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் இது 'பொலிசை'. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை சதவீதம். சங்கத் தமிழில் 'வட்டி' என்றால் ஓலைப் பெட்டி!

இனி, அந்தச் சொல்லே இல்லாமல் வரும் வட்டிக்கு வருவோம். காமராஜர் சாலையில் எந்தக் கடைக்குப் போனாலும் போன், ஃபிரிட்ஜ் எல்லாம் 'ஸீரோ இன்ட்ரஸ்ட்' தவணையில் கிடைக்கும் என்கிறார்கள். பூஜ்யம் சதவீதம் என்று சொல்லி, அந்த வட்டியை 'ப்ராசஸிங் ஃபீஸ்' என்று வேறு தலைப்பில் வாங்குவதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே சுட்டிக்காட்டி, வங்கிகள் அப்படிச் செய்யக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. அதனால் ரொக்கம் கொடுத்தால் என்ன விலை, தவணைக்கு என்ன விலை, கட்டணம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள்.

2023 ஆகஸ்டில் இன்னொரு சுற்றறிக்கை. தவணை தவறினால் வட்டி விகிதத்தோடு சேர்த்து வாங்கிய 'பீனல் இன்ட்ரஸ்ட்' கூடாது, 'பீனல் சார்ஜஸ்' என்று தனியாகத்தான் வாங்க வேண்டும், அதன் மேல் மறுபடி வட்டி ஏற்றக் கூடாது என்றது. கடன் வாங்கியவருக்கு நல்லதுதான். ஆனால் தாளில் இன்ட்ரஸ்ட் போய் சார்ஜ் வந்ததால் அபராதமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

'ஃப்ளாட் ரேட்' என்பதும் கவனிக்க வேண்டியது. ஒரு லட்சம் ரூபாய்க்கு 12 சதவீதம் ஃப்ளாட் என்றால், ஓராண்டில் 1,12,000 கட்ட வேண்டும். மாதம் 9,333 ரூபாய். மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வந்தாலும் வட்டி முழு லட்சத்துக்கும் போடப்படுகிறது. அசல் குறையக் குறையக் கணக்கிடும் முறைக்கு மாற்றிப் பார்த்தால் அது 21 சதவீதத்தைத் தாண்டும்.

தெருவில் வரும் தண்டலில் வட்டி என்ற பேச்சே இராது. பத்தாயிரம் என்று எழுதி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கையில் தருவார். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள். 'வெறும் ஆயிரம்தானே' என்று தோன்றும். நாள் தவறாமல் கட்டிக்கொண்டே வருவதால் பணம் நம் கையில் முழுதாக இருப்பதே இல்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது 75 சதவீதத்துக்கு மேல் போகிறது. துருக்கியில் இப்படிக் கொடுப்பவருக்குத் தனிப் பெயர் உண்டு, 'தெஃபெஜி'. அது மரியாதையான சொல் இல்லை.

விபத்து வழக்குகளைப் பற்றியும் கேட்கிறார்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 171ஆம் பிரிவின்படி, நஷ்ட ஈட்டோடு, மனு கொடுத்த நாளிலிருந்து சாதாரண வட்டியும் தரும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம். குடும்பத் தலைவரை இழந்த வீட்டில், தீர்ப்பில் 'வித் இன்ட்ரஸ்ட்' என்று இருப்பதைப் பார்த்து வழக்கையே வேண்டாம் என்று விடப் போன தாய்மார்களும் உண்டு. நஷ்ட ஈட்டுத் தொகை வேறு, அதோடு சேரும் கூடுதல் வேறு. தீர்ப்பிலேயே இரண்டும் தனித்தனியாக இருக்கும். அந்தக் கூடுதலை என்ன செய்வது என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தீர்ப்பு நகலோடு ஹழ்ரத்திடம் போய்க் கேளுங்கள். அதற்காக யதீம் பிள்ளைகளுக்குச் சேர வேண்டிய அசலை விட வேண்டியதில்லை.

குர்ஆனில் மிக நீளமான வசனம், சூரத்துல் பகராவின் 282ஆவது, கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது என்பதை மக்தபில் படிக்கும் பிள்ளைகள் அறிவார்கள். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. எழுதுபவர் எழுத, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். அவரால் சொல்ல இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் சொல்ல வேண்டும். பொறுப்பைச் சுமக்கிறவருக்கு வாசகம் தெரிந்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடு அது. இன்றைக்கு வாசகத்தை அச்சடித்துக் கொண்டுவந்து, பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு என்கிறார்கள். ஆங்கிலத் தாள் எதுவாக இருந்தாலும் ஒரு நாள் அவகாசம் கேட்டு நகலை வாங்கி, படித்தவர் ஒருவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். அவசரம் என்று சொல்கிறவரிடம் இன்னும் ஒரு நாள் கூடுதலாகவே கேளுங்கள்.

பிள்ளைகளுக்குச் சிறு பயிற்சி. கீழே உள்ள வாக்கியங்களில் இன்ட்ரஸ்டுக்குத் தமிழில் என்ன சொல் வரும், துருக்கியில் ஃபாயிஸ், இல்கி, ஹிஸ்ஸெ, ச்சிகார் இவற்றில் எது வரும் என்று எழுதிப் பாருங்கள்.

'ஷீ டேக்ஸ் எ லாட் ஆஃப் இன்ட்ரஸ்ட் இன் ஹர் ஸ்டடீஸ்.'

'தி பேங்க் ரெய்ஸ்ட் இட்ஸ் இன்ட்ரஸ்ட் ரேட்.'

'ஹி ஆக்டட் இன் ஹிஸ் ஓன் இன்ட்ரஸ்ட்.'

'மை சிஸ்டர் ஹேஸ் நோ இன்ட்ரஸ்ட் இன் திஸ் ஹவுஸ்.'

கடைசி வாக்கியத்துக்கு இரண்டு விடை வரும். ஒன்றில் அக்காவுக்கு அந்த வீடு பிடிக்கவில்லை. மற்றதில் அக்காவுக்கு அந்த வீட்டில் பங்கில்லை. இரண்டையும் எழுதி வீட்டில் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.